மோப்பம் பழகிய வீடு

அந்தத் தெருவில் மூக்கைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அது கடைசியில் அந்த மாடி வீட்டில் போய்த்தான் நிற்கும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் மூக்கால் பிழைத்தவர்கள். கீழே பட்டறை, மேலே வீடு. அவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். காயில்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஓடாமல் நின்றுபோன மோட்டாரை மேஜையில் வைத்ததும், திருப்புளியைக் கையில் எடுக்கும் முன்னால், குனிந்து ஒரே ஒரு இழுப்பு இழுப்பார். "காயில் நல்லா இருக்கு, பேரிங்தான் காய்ஞ்சு கட்டிக்கிச்சு" என்பார். இல்லாவிட்டால் முகத்தைச் சுளித்து, "முடிஞ்சுபோச்சு, எல்லாத்தையும் உருவிட்டுப் புதுசாத்தான் சுத்தணும்" என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

அவளுக்கு ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் நிலையத்தில் வேலை. தண்ணீரை மோந்து பார்க்கிற வேலை. அப்படியும் ஒரு வேலை உண்டா என்று சிரிக்காதவர்கள் கிடையாது. உண்டு. ஏரியிலிருந்து வருகிற தண்ணீர், சுத்தம் செய்த தண்ணீர், ஊரின் கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீர் என்று தனித்தனிக் கண்ணாடிக் குடுவைகளில் எடுத்து, வெந்நீர்த் தொட்டியில் இறக்கி லேசாகச் சூடேற்றுவார்கள். பிறகு குலுக்கி, மூடியைத் திறந்த கையோடு மூக்கை வைக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் வாசம் பறந்துவிடும். அதற்காகவே அவள் பவுடர் போடுவதில்லை, செண்டு கிட்டத்தில் சேர்ப்பதில்லை, வாசமில்லாத ஒரு வெள்ளை சோப்பைத் தேடி வாங்கிக் குளிப்பாள். காலையில் காப்பிகூட வேலை முடிந்த பிறகுதான். மூக்கக்கா என்று பேர் வந்துவிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு எல்லாக் குடுவையும் ஒன்றுபோலத்தான் இருந்தது. "தண்ணி வாசம் வருது மேடம்" என்றாள். கெமிஸ்ட் மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். அப்போது அவருக்கும் சின்ன வயதுதான். இருந்தாலும் அந்தப் பார்வைக்கு எல்லாரும் பயப்படுவார்கள்.

"தண்ணிக்கு வாசமே கிடையாதும்மா. உனக்கு வந்தது வேற ஏதோ. அது என்ன?"

"தெரியல மேடம். ஏதோ ஒரு மாதிரி…"

"ஒரு மாதிரின்னு ஒரு வாசம் இந்த அறைக்குள்ள இல்ல. பேர் சொல்லு. தப்பா இருந்தாலும் சொல்லு."

அப்படித்தான் பழகினாள். முதலில் மண், பிறகு பாசி, பிறகு மீன், பிறகு மருந்து. கூட மோந்து பார்க்க உட்காரும் பம்பு ஆபரேட்டர் ஒரு தமாஷ் பேர்வழி. அவர் வைக்கிற பேர் எதுவும் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. "இது ஈரச் சாக்கு மேடம். இது வெள்ளரிக்காயை நறுக்கி மறந்துட்டுப் போன மாதிரி. இது இருக்கே, பள்ளிக்கூடத்துல பென்சில் சீவுவோமே, அந்தத் தூளு." கேட்கிறபோது சிரிப்பு வரும். மறுபடி மோந்தால் பென்சில் தூள்தான். ஒரு வருஷத்துக்குள் அவளுக்கு ஊரே வேறாகிவிட்டது. தெருவில் நடந்தால் பேக்கரியில் ரொட்டி வேகிறதா கருகுகிறதா, சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் இருப்பது பருத்தியா பட்டா, அச்சகத்தில் இன்று கறுப்பு மையா சிவப்பு மையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அச்சகத்துக்காரர், "சிவப்புக்கும் கறுப்புக்கும் வாசத்துல என்னம்மா வித்தியாசம்?" என்பார். "சிவப்பு கொஞ்சம் இனிக்கும்ணே" என்பாள். இப்போது அந்த அச்சகமும் இல்லை, சலவைக்கடையும் இல்லை. பேக்கரி மட்டும் இருக்கிறது.

அவர்கள் கல்யாணமே மூக்கால் வந்ததுதான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. நிலையத்தில் ஒரு பம்பைப் பழுது பார்க்க அவர் வந்திருந்தார். இளவட்டம். அவள் ஆய்வறையிலிருந்து முற்றத்தைத் தாண்டி ஓடிவந்து, "ஏதோ எரியுது, ஏதோ எரியுது" என்றாள். பம்பு ஆபரேட்டர் சுற்றிப் பார்த்துவிட்டு, புகையைக் காணோமே என்றார். காயில்காரர் மட்டும் தலையைத் தூக்கி, "ஆமா, எரியுது. மூணாவது மோட்டார். நிறுத்துங்க" என்றார். திறந்து பார்த்தால் காயில் அப்போதுதான் பழுப்பேறத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் ஊருக்குத் தண்ணீர் கிடையாது. "ஊரே மோந்தும் தெரியாதது ரெண்டு மூக்குக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு, இதுங்களைப் பிரிச்சு வெச்சா பாவம்" என்று பம்பு ஆபரேட்டரே முன்னால் நின்று பேசி முடித்தார். முப்பது வருஷமாக அவள் இந்தக் கதையைச் சொல்லாத வீடு கிடையாது.

காயில்காரர் கீழே விழுந்தது அற்பமான விஷயம். பேக்கரிக்கு ஒரு காற்றாடி மாட்டிக் கொடுக்க ஸ்டூல் மேல் ஏறினார். தரையில் மாவு. ஸ்டூல் வழுக்கிப் பின்மண்டை அடிபட விழுந்தார். ரத்தம்கூட இல்லை, பெரிய வீக்கம்தான். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் முன்போலவே சிரித்தார், முன்போலவே பட்டறைக்கு இறங்கினார். சாப்பாட்டில் மட்டும் உப்பும் காரமும் சேர்த்துக்கொண்டே போனார். அடிபட்ட உடம்பு, நாக்கு கேட்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் மாலை அவள் வேலையிலிருந்து வந்தபோது அவரே காப்பி போட்டு வைத்திருந்தார். படியேறும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, பால் அடிப்பிடித்துத் தீய்ந்திருக்கிறது. உள்ளே வந்தால் அவர் டம்ளரை வாயில் வைத்து ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கா?"

"பிரமாதம். உனக்கும் ஒரு டம்ளர் மூடி வெச்சிருக்கேன்."

அவள் தன் டம்ளரை எடுத்தாள், கீழே வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"எப்பத்திலருந்து?"

"என்ன எப்பத்திலருந்து?"

"என்கிட்டயே மறைக்கிறீங்களா?"

அவர் கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்பவே இல்ல. ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு வாடை இருக்குமே, அது இல்ல. பரவாயில்லையே, இவங்க சுத்தமா வெச்சிருக்காங்களேன்னு நினைச்சேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு ரொம்ப மெல்லிசு, தலை குலுங்கினதில் அறுந்திருக்கிறது. துளிர்த்தாலும் துளிர்க்கும், போனது போனதாகவும் இருக்கலாம். மருந்து இல்லை, பயிற்சிதான். கிராம்பு, எலுமிச்சை மாதிரி நாலு வாசனையைக் காலையும் மாலையும் விடாமல் மோந்து பார்க்க வேண்டும். மாசக்கணக்கில்.

"வாசனையே வராதவன் எதை மோக்கறது?" என்று படியிறங்கும்போது கேட்டார். "கண்ணு தெரியாதவனைக் கூட்டிட்டுப்போய் படம் பாருன்னு உக்கார வைக்கிற மாதிரி. ஊரே எங்கிட்ட மோட்டாரைக் கொண்டுவந்து மூக்கை நீட்டுன்னு நிக்குது, எனக்கு டியூஷனா?"

"டியூஷன்னே வெச்சுக்கோங்க."

"எனக்கு வேண்டாம். தம்பிக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்."

தம்பி என்றது அவளுடைய தம்பியை. நாற்பதைத் தாண்டியவன், மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. இருந்தாலும் அந்த வீட்டில் அவன் தம்பிதான். பட்டறையில் மாமாவுக்கு வலது கை. கம்பி சுற்றுவதில் கெட்டிக்காரன். மூக்கு விஷயத்தில் மட்டும், "அதுக்குத்தான் மாமா இருக்காரே" என்று விட்டுவிடுகிறவன். அவனுக்குத் தெரியாமல் அவர் எப்படியோ சமாளித்தார். மோட்டாரைக் குனிந்து மோப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, மீட்டரை வைத்துப் பார்த்துச் சொன்னார். அவளும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்துப் பின்னால் ரொம்ப நாள் வருத்தப்பட்டாள்.

காயில் கட்டி வார்னிஷில் முக்கிய மோட்டாரைக் காய வைக்க, பட்டறையில் ஒரு தகரப் பெட்டி உண்டு. உள்ளே சூடேற்றும் பல்புகள். சூடு அளவாக இருந்தால் வார்னிஷ் தேன் காய்ச்சுகிற மாதிரி வாசம் அடிக்கும். அளவு மீறினால் வாசம் காட்டமாகி மூக்கைக் குத்தும். புகை வருவது அதற்கும் பிறகுதான். இத்தனை வருஷமும் அவர் அந்தப் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வேலை செய்தார், மூக்கு பார்த்துக்கொண்டது. அன்றைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே எரிந்த வார்னிஷ் காற்றில் தேங்கி நின்றது. ஓடினாள். பட்டறை வாசலில் தகரப் பெட்டி கறுத்துக் கிடந்தது, சுற்றிலும் மணல். உள்ளே தம்பி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது கையில் கட்டு. பேக்கரிக்காரர் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். காயில்காரர் சுவரோரமாக நின்றார், யாரோ நிற்க வைத்துவிட்டுப் போன மாதிரி.

"நான் டெலிவரி கொடுத்துட்டு வரேன் அக்கா" என்றான் தம்பி. "தெருமுனையில வரும்போதே குப்புனு அடிக்குது. சரி, மாமா வெளியில போயிருக்காரு போலன்னு ஓடி வந்தா, மாமா இங்கயே உக்காந்து கம்பி சுத்திக்கிட்டு இருக்காரு! பின்னால பெட்டி திகுதிகுன்னு எரியுது. நான் கத்துறேன், என்ன மாப்ளேன்னு நிதானமா திரும்பிப் பாக்கிறாரு."

"கை ரொம்பவா…"

"கை கிடக்கட்டும். தோலுதான். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் கண் சுவரோரம் நின்றவரிடம் போனது.

"தெரியும். அப்ப ரெண்டு பேருமா சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க. நான் மாமா மூக்கை நம்பித்தானே அக்கா கதவைச் சாத்திட்டுப் போறேன், வரேன்? மேல நீங்க தூங்குறீங்க. ஏதாவது ஒண்ணு ஆயிருந்தா நான் யார்கிட்டப் போய் அழுவேன்?"

காயில்காரர் சுவரை விட்டு நகர்ந்தார். சாவிக்கொத்தை எடுத்துத் தம்பியின் இடது கையில் வைத்தார். படியேறி வீட்டுக்குப் போனார்.

அதோடு அவர் கீழே இறங்கவில்லை. ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி, அதில் நாள் முழுக்க. சாப்பாடு இறங்கவில்லை. "பஞ்சைத் தின்னுற மாதிரி இருக்கு. சூடு தெரியுது, உப்பு தெரியுது, வேற ஒண்ணும் தெரியல. இது ரொட்டியா ஸ்பாஞ்சா?" என்பார். சட்டை தொளதொளத்தது. அதைவிட அவளுக்குக் கஷ்டமாக இருந்தது இன்னொன்று. காலையில் குளித்துவிட்டு வருவார், மத்தியானம் மறுபடி குளிப்பார், சாயங்காலம் மறுபடியும். "எம்மேல வேர்வை நாத்தம் அடிக்குதா பாரு." "இல்லங்க." "நல்லா மோந்து பாத்துச் சொல்லு. எனக்குத்தான் தெரியாதே, நாறிக்கிட்டுத் திரிஞ்சாலும் யாரு சொல்லுவா?" ஒரு காலத்தில் ஊருக்கே மோந்து சொன்ன மனுஷன் தன் சட்டைக்குச் சாட்சி தேடிக்கொண்டிருந்தார்.

அவள் ஆய்வறையிலிருந்து மூடி போட்ட சின்னக் குப்பிகளைக் கேட்டு வாங்கி வந்தாள். ஒன்றில் கிராம்பு, ஒன்றில் எலுமிச்சைத் தோல், ஒன்றில் காப்பித்தூள், ஒன்றில் சோப்புச் சீவல். காலையும் மாலையும் எதிரில் உட்கார்ந்து நீட்டினாள். அவர் ஒரு கடமைக்கு மூக்கை வைத்து எடுத்தார். "ஒண்ணுமில்ல. அடுத்தது. ஒண்ணுமில்ல. அடுத்தது." பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி. வாரம் போனது, மாசம் போனது. அவளுக்கே கை சோர்ந்தது.

பம்பு ஆபரேட்டர் ரிட்டயர் ஆகிச் சும்மா இருந்தார். ஒருநாள் பார்க்க வந்தவர் இந்த ஆஜர் படலத்தை வேடிக்கை பார்த்துவிட்டு, வாசல்வரை வழியனுப்ப வந்தவளிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஏம்மா, நாம இப்படியா பழகினோம்? வாயை மூடிக்கிட்டு மூக்கை மட்டும் நீட்டினா மாடுகூடத்தான் மோக்கும். நாம பேசிப் பேசித்தானே பழகினோம். அது எங்க வீட்டுப் பரண் மாதிரி இருக்கு, இது எங்க வாத்தியார் கோட்டு மாதிரி இருக்குன்னு. அந்த மனுஷனைப் பேச விடு."

மறுநாள் அவள் எலுமிச்சைக் குப்பியைத் திறந்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"வாசம் வருதான்னு நான் கேக்கல. இதை எங்கெல்லாம் மோந்தீங்கன்னு சொல்லுங்க."

"இது என்ன புது வித்தை?"

"சொல்லுங்களேன்."

அவர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலுமிச்சைன்னா… நான் தொழில் பழகின பட்டறையில முதலாளி ஒரு டப்பா நிறையப் பிழிஞ்ச தோலு வெச்சிருப்பாரு. கிரீஸ் போகக் கை தேய்க்க. சாயங்காலம் எல்லாரும் வரிசையா நின்னு தேய்ப்போம். வீட்டுக்குப் போற பஸ்ல எங்க கை மட்டும் மணக்கும். பக்கத்துல நின்ன ஒரு அம்மா, தம்பி பழக்கடையில வேலையான்னு கேட்டுது. ஆமான்னு சொல்லிட்டேன்."

"ஏன் பொய் சொன்னீங்க?"

"பழக்கடைன்னா கௌரவமா இருந்துது."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். குப்பியை மூக்கில் வைத்தபடியேதான் சிரித்தார். அவள் அதைக் கவனித்துக்கொண்டாள்.

கிராம்புக்கு வந்தபோது அவர் முதலில் சொல்லமாட்டேன் என்றார். பிறகு, "கல்யாணத்தன்னைக்கு எனக்குக் கடைவாய்ப்பல்லுல உயிர் போற வலி. பூரா நேரமும் ஒரு கிராம்பை அடக்கிக்கிட்டே உக்காந்திருந்தேன்" என்றார்.

"அடப்பாவி மனுஷா! அதான் அன்னைக்கு ஒரு வார்த்தை பேசலையா? நான், சரி, இவருக்கு நம்மளைப் பிடிக்கல, யாரோ கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்துட்டாங்கன்னு மனசுக்குள்ள அழுதுக்கிட்டு இருந்தேன்."

"வாயைத் திறந்தா கிராம்பு விழுந்துடும்."

இப்படியே நாள் ஓடியது. சோப்புச் சீவலை மோந்தால், முதன்முதல் குடியிருந்த ஒற்றை அறை வரும். பொதுக் குளியலறையில் பக்கத்து வீட்டுக்காரி மறந்து வைத்துவிட்டுப் போன ரோஸ் கலர் சோப்பை இரண்டு பேருமே ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் தேய்த்துக்கொண்டது வரும். காப்பித்தூளை மோந்தால் சினிமாக் கொட்டகை இடைவேளை வரும். அவள் வேலைக்காகக் காலைக் காப்பியை விட்டதும், அவர் மட்டும் குடிக்க மனசில்லாமல் தானும் கொஞ்ச நாள் விட்டுப் பார்த்ததும் வரும். வேலைக்கு ஓடி, கடைக்கு ஓடி, இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் இப்படி உட்கார்ந்து பேசியதேயில்லை. வாசனை மட்டும் வரவில்லை.

ஒருநாள் அவள் பஞ்சில் வார்னிஷைத் தொட்டு ஒரு குப்பியில் போட்டுக் கொண்டுவந்தாள். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"உனக்கு ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நம்ம கதையைச் சொல்லுவியே. மூணாவது மோட்டார். அன்னைக்கு எனக்குச் சரியான ஜலதோஷம். ரெண்டு மூக்கும் அடைச்சுக் கிடந்துது. எனக்கு ஒரு வாசமும் வரல."

அவள் வாயைப் பிளந்து பார்த்தாள். "பின்ன எப்படி மூணாவது மோட்டார்னு…"

"நீ ஓடி வந்து நின்னே பாரு, அந்த முகத்தைப் பாத்தா பொய் சொல்ற முகமா தெரியல. எரியுதுன்னு இந்தப் பொண்ணு சொன்னா எரியத்தான் செய்யும், எதுன்னு பாப்போம்னு காதைக் கொடுத்தேன். மூணாவதோட இரைச்சல் கொஞ்சம் தடிச்சுக் கேட்டுது. அவ்வளவுதான்."

"ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே! உங்க மூக்கும் என் மூக்கும்னு! ஒரு தடவையாவது வாயைத் திறந்தீங்களா?"

"நீ அவ்வளவு சந்தோஷமா சொல்லிக்கிட்டு இருப்பே. நடுவுல வந்து நான் எப்படி…"

அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். பாத்திரங்கள் சத்தமாக நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. அவர் எட்டிப் பார்த்தார். அவள் மேடையைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். அழுகிறாளோ என்று பயந்து கிட்டே போனால், சிரிப்பு. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"அப்படின்னா காது இருக்குல்ல உங்களுக்கு? கண்ணு, கை எல்லாம் இருக்குல்ல? அப்புறம் என்னத்துக்கு இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு இருக்கீங்க?"

அந்தச் சமயத்தில்தான் தம்பி படியேறி வந்தான். கை ஆறி, தோல் ரோஸ் நிறத்தில் புதுசாக இருந்தது. கோபம் எப்போதோ போய்விட்டது. கூப்பிடத்தான் தயக்கம்.

"மாமா, கீழ ஒரு மோட்டார் வந்திருக்கு. மீட்டர்ல எல்லாம் சரியா காட்டுது. ஓட விட்டா ஒரு மாதிரி நாறுது."

"ஒரு மாதிரின்னா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"எரிஞ்ச நாத்தம்."

"எரிஞ்சதுன்னா என்ன எரிஞ்சுது? பேப்பரா, தலைமுடியா, ரப்பரா?"

தம்பி தலையைச் சொறிந்தான். கீழே ஓடினான். வந்தான். "முடி எரியிற மாதிரி மாமா."

"மேல குத்துதா, அடித்தொண்டையில நிக்குதா?"

மறுபடி ஓடினான். நாலைந்து தடவை ஏறி இறங்கி அவனுக்கு மூச்சு வாங்கியது. "ஏன் மாமா, ரெண்டு படி இறங்கினா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றான். அவர் அவளைப் பார்த்தார். அவள் செருப்பை எடுத்து அவர் காலருகே போட்டாள்.

அன்றிலிருந்து பட்டறையில் மூக்கு தம்பியுடையது, மற்றதெல்லாம் மாமாவுடையது. தகரப் பெட்டி போன இடத்தில், சூடு மீறினால் தானே அணைந்துபோகிற புதுப் பெட்டி வந்தது. அதை அவர் முதுகுப் பக்கம் வைக்கவில்லை, எதிரில் வைத்துக்கொண்டார்.

தண்ணீர் நிலையத்தில் வருஷம் ஒருமுறை மூக்கு நாள் என்று ஒன்று கொண்டாடுவார்கள். ஏரியில் பாசி பிடிக்கிற காலம் முடிந்து, ஊரில் ஒருவரும் தண்ணீர் நாறுகிறது என்று புகார் சொல்லாமல் கடந்துவிட்டால், தோட்டத்தில் எல்லார் குடும்பமும் கூடும். உள்ளே இருப்பது தெரியாதபடி வாயோடு சேர்த்து மெல்லிய துணி சுற்றிய ஜாடிகள் வரிசையாக இருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு மோந்து பேர் சொல்ல வேண்டும். ஜெயித்தவருக்கு கெமிஸ்ட் மேடம் தன் கையால் சுட்ட கேக். காயில்காரரும் மூக்கக்காவும் போட்டி போட்டுக்கொண்டு கேக்கை வீட்டுக்கே கொண்டுவந்த வருஷங்கள் நிறைய.

"நான் வரல" என்றார் அவர். "ஊமையைப் பாட்டுக் கச்சேரிக்குக் கூப்பிடாதே."

"நான் பேர் கொடுத்துட்டேன் மாமா" என்றான் தம்பி. "நீங்க வரலைன்னா எனக்குக் கை நடுங்கும்."

போனார்கள். நல்ல வெயில், மெல்லிய காற்று. கெமிஸ்ட் மேடத்துக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது. கண்ணாடி மட்டும் அதே நெற்றியில். பம்பு ஆபரேட்டர் காயில்காரரைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஜாடிகளுக்குப் பின்னால் நிறுத்தினார். "மூடியைத் திறந்து நீட்டுற வேலை உங்களுக்கு. யாருக்கும் ஜாடை காட்ட முடியாத ஒரே ஆள் இங்க நீங்கதான்." சுற்றியிருந்தவர்கள் சிரிப்பதா கூடாதா என்று பார்த்தார்கள். அவரே முதலில் சிரித்துவிட்டார்.

தம்பி நன்றாகவே ஆடினான். ஆரஞ்சுத் தோலைச் சொன்னான், நனைந்த சுண்ணாம்பைச் சொன்னான், புத்தக அட்டையை, "புத்தகம் மேடம், ஆனா படிக்காத புத்தகம்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கினான். மூக்கக்கா கண்ணைக் கட்டிக்கொண்டு தன் முறைக்கு உட்கார்ந்தாள். காயில்காரர் அடுத்த ஜாடியை எடுத்து மூடியைத் திருகினார்.

"சீ! என்ன கருமம் இது?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜாடியைத் தள்ளிப் பிடித்தார். அவள் கண்கட்டை அவிழ்த்தாள்.

"என்னங்க சொன்னீங்க?"

"நாறுது. யாரு இதைப் போட்டது? அட்டைப்பெட்டியை ஈரத்தோட கொளுத்தின மாதிரி…" சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். மறுபடி ஜாடியில் மூக்கை வைத்தார். மறுபடி முகம் சுளித்தது.

கெமிஸ்ட் மேடம் ஜாடியை வாங்கித் துணியை அவிழ்த்தார். காப்பித்தூள்.

"தப்பு" என்றார் மேடம். "மூக்கு தப்பாத்தான் சொல்லுது. ஆனா சொல்லுது பாருங்க."

அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் எழுந்த கைதட்டல் சரியான விடை சொன்ன எவருக்கும் கிடைத்ததில்லை. கேக்கை ஜெயித்தது யார் என்று பின்னால் கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

ஆனால் கைதட்டினவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வந்த மாசங்கள் அந்த வீட்டுக்குத்தான் தெரியும். டாக்டர் சொன்னது சரிதான். நரம்பு துளிர்க்கிறது, ஆனால் எதை எதோடோ மாற்றிக் கோக்கிறது. காப்பி அட்டை எரிகிற நாற்றம். வெங்காயமும் அதே. சோப்பு, பற்பசை, பொரித்தது, வறுத்தது எல்லாம் அதே ஈர அட்டை. "இதுக்கு ஒண்ணுமே இல்லாம இருந்ததே தேவலாம்" என்று ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். அவள் வீட்டில் தாளிப்பதையே நிறுத்தினாள். ஆறின ரொட்டியும் தயிரும் பழமுமாக இரண்டு பேரும் ஓட்டினார்கள். குப்பிகளை மட்டும் அவள் விடவில்லை. "நாறினா நாறட்டும், மோங்க" என்று நீட்டினாள்.

பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் லேசாக விலகுவதை அவள் கவனித்தாள். தற்செயலாக இருக்கும் என்று நினைத்தாள். தோளில் சாய்ந்தால் முகத்தை மறுபக்கம் திருப்பினார். அவள் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். இவ்வளவு வருஷம் பவுடர்கூடப் போடாமல் இருந்தவள், எதைக் கழுவித் தொலைப்பது என்று தெரியாமல் குளியலறையில் நின்றாள்.

மழை வரும்போல் இருந்த ஒரு மத்தியானம். குடுவைகள் சீக்கிரமே முடிந்து அவள் வீடு திரும்பினாள். பட்டறைக்குள் ஒரு பெரிய மோட்டார் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. காது கொடுத்துக் கேட்டால்கூட ஒன்றும் கேட்காது. காயில்காரர் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தம்பி மூலையில் எதையோ அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். அவள் வாசற்படியில் கால் வைத்தாள்.

"வந்துட்டியா? என்ன இன்னைக்கு இவ்வளவு சீக்கிரம்?" என்றார் அவர், திரும்பாமல்.

அவள் அப்படியே நின்றாள். தம்பி நிமிர்ந்து பார்த்தான். எட்டிப்போய் மோட்டாரை அணைத்தான்.

"நான் வந்தது எப்படித் தெரிஞ்சுது?"

அவர் கையில் கம்பியோடு திரும்பினார். அவளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"சொன்னா வருத்தப்படுவே."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"அட்டை எரியுது."

அவள் சிரித்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் சிரித்தாள். "நாசமாப் போச்சு. முப்பது வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு நான் அட்டைப்பெட்டியா?"

"இரு, இரு. நகராதே." அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். எழுந்து கிட்டே வந்தார். கண்ணை மூடிக்கொண்டு, அவள் காதோரமாகத் தலையைச் சாய்த்து, ரொம்ப மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தார். முகம் சுளித்தது. ஆனாலும் விலகவில்லை. மறுபடி இழுத்தார். "அட்டை மட்டும் இல்ல. அதுக்குப் பின்னால வேற ஏதோ இருக்கு. ரொம்பத் தூரத்துல இருக்கு. கொஞ்சம் இரு… வருது."

வெளியே முதல் தூறல் வாசலுக்கு மேல் நீட்டியிருந்த தகரத்தில் விழத் தொடங்கியது. தம்பி சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு பேக்கரிப் பக்கம் நடந்தான். தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கி வைக்காமல், மூச்சு விட்டால்கூடக் கலைந்துவிடுமோ என்பதுபோல, அவள் அசையாமல் நின்றாள்.